உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு கூட்டுப்பணிச் செயலி: கடலூரிலிருந்து ஒரு மதிப்புரை

உரையாடல், காணொலிக் கூட்டம், பலர் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஆவணங்கள், பொது நாட்காட்டி, கைப்பேசிச் செயலி ஆகியவற்றை ஒரே சந்தாவில் தருகிற கூட்டுப்பணி மென்பொருள் ஒன்றைக் கடலூர் மாவட்டத்து நகர்ப்புற உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் சென்ற பருவமழைக் காலத்துக்கு முன்பிருந்தே பயன்படுத்தி வருகிறோம். நான் அங்கு அமைச்சுப் பணியில், அதாவது எழுத்தர் வகைப் பணியில், இருப்பவன். சந்தா இன்னும் நடப்பில் இருப்பதாலும், குறைகளை ஒளிக்காமல் எழுத வேண்டியிருப்பதாலும் அலுவலகத்தின் பெயரையும் மென்பொருள் நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அதனால் வாசகருக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. இவ்வகைத் தொகுப்புகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே வசதிகளைத்தான் தருகின்றன, அவற்றை ஓர் அலுவலகம் எப்படி ஏற்கிறது என்பதில்தான் வேறுபாடு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தர்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக இதை வாங்கினால் பணம் வீண். வார்டுகளில் சுற்றும் பணியாளர்கள் ஒவ்வொரு தகவலுக்கும் அலுவலகத்துக்குத் திரும்பி வர வேண்டிய நிலையை மாற்றுவதற்காக வாங்கினால், கொடுத்த கட்டணம் தகும்.

வாங்கியதற்குக் காரணம் வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது அங்கு ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் அதிகமாகத் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையிலுள்ள கடலூர்ப் பகுதிகள் மூழ்கின. அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறை என்பது வாட்ஸ்அப் குழுக்களின் தொகுதியாகவே இருந்தது. பொறியியல் பிரிவுக்கு ஒன்று, சுகாதாரப் பிரிவுக்கு ஒன்று, வார்டு உறுப்பினர்களுக்கு ஒன்று, மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் அனுப்ப ஒன்று என்று அவை பெருகின. ஒரே டீசல் மோட்டாரை இரண்டு வார்டுகளுக்கு இரண்டு பேர் ஒதுக்கினார்கள். முகாமில் எத்தனை பேருக்கு உணவு என்ற எண்ணிக்கை காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் போனது. எந்தச் செய்தி கடைசியாக வந்தது, எது திருத்தப்பட்டது என்பதை அறியத் திரையை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு, தணிக்கைக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கலின் முழு அளவு தெரிந்தது, ஏனென்றால் பாதித் தகவல்கள் பணியாளர்களின் சொந்தக் கைப்பேசிகளில் கிடந்தன.

அரசு அலுவலகத்துக்குள் தனியார் மென்பொருளா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஒன்றிய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் மின்னஞ்சலே இன்று ஜோஹோ நிறுவனத்தின் தளத்தில் இயங்குகிறது. எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. 2020 ஏப்ரலில் ஜூம் செயலியை அரசு அதிகாரிகள் அலுவல் பணிக்குப் பயன்படுத்த வேண்டாமென்று உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியது. 2022 ஜூனில் வெளியான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், அலுவல் கோப்புகளைக் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற அரசு சாராச் சேமிப்பகங்களில் வைக்கக்கூடாது என்றன. ஆகவே தரவு இந்தியாவில் இருக்கிறதா, சந்தாவின் உரிமையாளர் அலுவலகமா தனி நபரா, இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா என்ற கேள்விகளை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கினோம். இந்த மூன்றிலும் நிறுவனம் தெளிவாகப் பதில் தந்தது.

விற்பனைக்கு வந்தவர்கள் காட்டிய படக்காட்சி முழுவதும் பிரிட்டன் நாட்டு உள்ளாட்சி மன்றங்களைப் பற்றியது. ஊழியர் சிலர் வீட்டிலிருந்தும் சிலர் நூலகக் கட்டடத்திலிருந்தும் வேலை செய்வதாகவும், அலுவலக இடமே குறைந்துவிட்டதாகவும் அதில் சொன்னார்கள். அந்த நாட்டில் அது சாத்தியமாவதற்கு மென்பொருள் மட்டும் காரணம் இல்லை. 2024 ஏப்ரல் 6 முதல் அங்கு ஓர் ஊழியர் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான பணிமுறை கேட்டு விண்ணப்பிக்கச் சட்டப்படி உரிமை பெற்றிருக்கிறார். இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்ட மன்றம் 2023 ஜனவரியில் வாரம் நான்கு நாள் வேலையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியதும் ஒரு நிர்வாக முடிவு. நம்மிடம் இருப்பது காலை 10 முதல் மாலை 5.45 வரை என்ற நேரமும் வருகைப் பதிவேடும்தான். அக்கம்பக்கத்தில் பார்த்தால், 2023 ஏப்ரலில் புதுச்சேரி அரசு பெண் ஊழியர்களுக்கு மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகளில் காலை இரண்டு மணி நேரம் சலுகை அறிவித்தது. அதுவும் வழிபாட்டுக்கும் வீட்டு வேலைக்குமான நேரச் சலுகையே தவிர, வேலையை இடம் மாற்றிச் செய்யும் ஏற்பாடாகாது. இந்த வேறுபாடு தெரியாமல் படக்காட்சியை நம்பி வாங்குகிற அலுவலகம் ஏமாறும்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். இதன் சிறந்த பகுதி, பலர் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய விரிதாள். சென்ற மழைக்காலத்துக்கு எங்கள் உதவிப் பொறியாளர் ஒருவர் ஒரு தாள் உருவாக்கினார். ஒவ்வொரு வரியும் ஒரு தெரு. வார்டு எண், தண்ணீர் தேங்கிய உயரம், மோட்டார் எண், டீசல் ஊற்றிய நேரம், பொறுப்பாளர், நிலை என்று ஆறு கட்டங்கள். நிலைக் கட்டத்தில் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. "தேங்கியது", "வடிகிறது", "வடிந்தது" என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டால் போதும், வரியின் நிறம் மாறும். மோட்டார் எண் கட்டம் பூட்டப்பட்டிருந்தது. அதை மாற்றும் அதிகாரம் கிடங்குப் பொறுப்பாளருக்கு மட்டும் உண்டு. ஆகையால் ஒரே மோட்டாரை இருவர் எடுத்துக்கொள்ள வழியே இல்லை. கெடிலம் ஆற்றோரத் தெரு ஒன்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, மழையங்கியின் உள்ளே கைப்பேசியை வைத்துத் தூய்மைப் பணி மேற்பார்வையாளர் கட்டைவிரலால் அந்த நிறத்தை மாற்றியதையும், அதே நொடியில் ஆணையரின் அறைத் திரையில் அந்த வரி மஞ்சளாகியதையும் பார்த்தவர்களுக்கு மென்பொருளைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தது, சிக்னல் கிடைத்ததும் தானாக ஏறிவிடுகிறது. யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்ற வரலாறும் தாளிலேயே இருக்கிறது. தணிக்கையில் டீசல் கணக்குக்கு இதைவிட நல்ல ஆதாரத்தை நான் கண்டதில்லை.

மழை இல்லாத நாட்களிலும் இதே பயன் தொடர்ந்தது. வரி வசூலிக்கும் பில் கலெக்டர்கள் காலையில் அலுவலகம் வந்து கையெழுத்திட்டு, வார்டுக்குப் போய், மாலையில் மறுபடி வந்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் எங்களிடம் இருந்தது. பண்ருட்டிப் பக்கமிருந்தும் புதுச்சேரி எல்லையிலிருந்தும் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்த மாலை வருகை ஒரு தண்டனை. இப்போது வார்டிலிருந்தே அறிக்கைப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு நேராக வீட்டுக்குப் போகலாம் என்று வாய்மொழி அனுமதி இருக்கிறது. உள்ளாட்சி அலுவலகத்தில் நெகிழ்வான வேலை என்றால் முதலில் இவர்களைத்தான் நினைக்க வேண்டும். இது எழுத்து வடிவிலான ஆணையாக இன்னும் வரவில்லை. அதிகாரி மாறினால் அனுமதியும் போகும் என்று பில் கலெக்டர்களே சொல்கிறார்கள்.

திங்கட்கிழமைகளில் மஞ்சக்குப்பத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இன்னோர் எடுத்துக்காட்டு. அங்கே எங்கள் பகுதி மனு ஒன்று வந்தால், கூட்டத்துக்குப் போன அதிகாரி வெளியே வந்து தொலைபேசியில் கேட்பார். பிரிவு எழுத்தர் தன்பதிவேட்டை (தமக்கு வரும் தபால்களைப் பதியும் ஏட்டை) புரட்டித் தேடி, திரும்ப அழைத்துச் சொல்வார். இடையில் கூட்டம் அடுத்த துறைக்குப் போயிருக்கும். இப்போது நிலுவை மனுக்களின் பட்டியல் பொது ஆவணமாக இருப்பதால், கூட்ட அரங்கில் உட்கார்ந்தபடியே ந.க. எண்ணை (மனுவுக்கோ கோப்புக்கோ அலுவலகம் இடும் எண்ணை) தட்டினால் நிலை தெரிகிறது. மனுதாரர் எதிரில் நிற்கும்போதே பதில் சொல்ல முடிவது சிறிய விஷயம் அல்ல.

குறைகளுள் முதன்மையானது இருக்கை பற்றியது. தமிழ்நாட்டு அலுவலக நடைமுறையில் வேலை ஆளோடு போவதில்லை, இருக்கையோடு நிற்கிறது. அ1 இருக்கையில் இன்று ஒருவர் இருப்பார், அடுத்த மாதம் மாறுதலில் வேறொருவர் வருவார். கோப்பும் பதிவேடும் அ1-க்குச் சொந்தம். இந்த மென்பொருளோ ஆளையே அலகாகக் கொள்கிறது. ஒருவர் உருவாக்கிய ஆவணம் அவருடைய கணக்கில் பிறந்து அங்கேயே இருக்கிறது. அவர் மாறுதலாகிக் கணக்கை நிறுத்தினால், அவர் பகிர்ந்த தாள்கள் மற்றவர்களின் திரையிலிருந்தும் மறைகின்றன. எங்கள் அலுவலகத்தில் வரி மேல்முறையீட்டுப் பட்டியல் ஒன்று இப்படித்தான் காணாமல் போய், நிர்வாகக் கணக்கின் வழியாக மீட்கப்பட்டது. மீட்கக் குறிப்பிட்ட கால அவகாசம் உண்டு, அதற்குள் யாராவது கவனித்தாக வேண்டும். இதற்கு மாற்றாக நிறுவனத்தின் உதவியாளர் சொன்ன வழி, இருக்கையின் பெயரிலேயே கணக்கு தொடங்கிக் கடவுச்சொல்லைக் கைமாற்றுவது. அது இன்னும் மோசம். அப்போது யார் எழுதினார் என்ற வரலாறு முழுவதும் "அ1 எழுதினார்" என்றாகிவிடும், பொறுப்பு யாருக்கும் இல்லை. சரியான வழி மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. அதை அவர்கள் பயிற்சியில் சொல்லவில்லை. பிரிவின் பெயரில் குழு அடைவு (ஃபோல்டர்) ஒன்றைத் திறந்து, ஆவணங்களை அதற்குள்ளேயே உருவாக்கினால், அவற்றின் உரிமை பிரிவுக்கு வரும். ஆட்கள் உறுப்பினராகச் சேர்ந்து விலகலாம். எந்த நிறுவனத்தின் தொகுப்பை வாங்கினாலும் முதல் நாளே இதைச் செய்துகொள்ளும்படி மற்ற அலுவலக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாறுதல் ஆணையோடு பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இந்த அடைவையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் நலம்.

அடுத்தது ஒப்புதல். உரையாடல் பகுதியில் ஒரு செய்திக்குக் கட்டைவிரல் குறி இடும் வசதி இருக்கிறது. குழாய் உடைப்பைச் சரிசெய்ய அவசரச் செலவுக்கு அனுமதி கேட்டு இளநிலை உதவியாளர் ஒருவர் செய்தி அனுப்பினார். மேலதிகாரி கட்டைவிரல் இட்டார். "மேடம் பார்த்துட்டாங்கன்னு எடுத்துக்கணுமா, சரின்னு எடுத்துக்கணுமா, சார்?" என்று அந்த இளைஞர் என்னிடம் கேட்டபோது சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குறியை நம்பி ஒப்பந்ததாரருக்கு வேலை கொடுத்து, பிறகு "நான் பார்த்தேன் என்றுதான் இட்டேன்" என்று சொல்லப்பட்டால், பிடித்தம் யாருடைய சம்பளத்தில் விழும் என்பது பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். தேசிய தகவல் மையத்தின் மின்கோப்பு மென்பொருளான இ-ஆபீஸ் இந்த இடத்தில் எவ்வளவு யோசித்து அமைக்கப்பட்டது என்பதை இதனோடு ஒப்பிட்டால்தான் விளங்குகிறது. அதில் வரைவுக் கருத்து மஞ்சள் குறிப்பாக இருக்கும், திருத்தலாம், நீக்கலாம். பச்சைக் குறிப்பாக உறுதிசெய்து அனுப்பிவிட்டால் அது கோப்பின் நிலையான பகுதி, யாரும் கைவைக்க முடியாது. பேச்சுக்கும் முடிவுக்கும் இடையே அப்படி ஒரு கோடு இந்தக் கூட்டுப்பணிச் செயலியில் இல்லை. கலந்து பேசுவது செயலியில், முடிவு இ-ஆபீஸில் என்று நாங்கள் வகுத்துக்கொண்டோம். ஆனால் இரண்டுக்கும் நடுவே இணைப்பு எதுவும் கிடையாது. வரைவை இங்கே முடித்து, பிடிஎஃப் ஆக மாற்றி, இறக்கி, அங்கே ஏற்ற வேண்டும். அவசர நாளில் இந்த நான்கு படிகளில் ஒன்று தவறுவது வழக்கம். பெரும்பாலும் பழைய வரைவு ஏறிவிடுகிறது.

இதோடு தகவல் உரிமைச் சட்டமும் சேர்கிறது. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தகவல் என்பதற்குத் தரும் விளக்கத்தில் மின்னஞ்சலும், மின்னணு வடிவில் உள்ள தரவுகளும் அடங்கும். அலுவலகச் சந்தாவில் நடக்கும் உரையாடலும் அலுவலகத்தின் பொறுப்பில் உள்ள பதிவே என்று கருதித்தான் நடக்க வேண்டும். ஒரு மனுதாரர் ஒரு சாலைப் பணி தொடர்பான உரையாடல்களைக் கேட்டால் 30 நாளுக்குள் எடுத்துத் தர முடிகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். நிர்வாகக் கணக்கிலிருந்து ஒரு குழுவின் முழு உரையாடலையும் தேதி வாரியாக எடுக்க முடிகிறது. பொருள் வாரியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் உரையாடல் பகுதியில் தனித் தடம் (சேனல்) ஒன்றைத் திறந்து, அதன் பெயரில் ந.க. எண்ணைச் சேர்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். அது வேலை செய்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். பொதுத் தடத்தில் காலை வணக்கத்தோடு பூங்கொத்துப் படம் அனுப்புகிறவர்களை மட்டும் நிறுத்த முடியவில்லை.

தமிழில் இது எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நம் அலுவலகங்களின் மொழி அதுதான். எந்தக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. ஆனாலும் பல அலுவலகங்களின் கணினிகளில் பழைய சுற்றறிக்கைகள், தீர்மான வரைவுகள், வாடகை ஒப்பந்த மாதிரிகள் எல்லாம் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாகவே இருக்கின்றன. அந்தக் கோப்பை இந்தச் செயலியில் திறந்தால் எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அதைப் பார்த்த மூத்த உதவியாளர் ஒருவர், கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தேவிட்டார். குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டோம். எழுத்துரு மாற்றி ஒன்றைப் பயன்படுத்தி முதலில் எல்லாவற்றையும் யூனிகோடாக்க வேண்டும். அட்டவணைகளுக்குள் இருக்கும் எண்களும் ஆங்கிலச் சொற்களும் அந்த மாற்றத்தில் சிதைவதால், பிறகு ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலைக்கான ஆள் நாட்களை எந்த விலைப்புள்ளியிலும் எவரும் காட்டுவதில்லை.

தட்டச்சு இன்னொரு பக்கம். பணியில் இருக்கும் தட்டச்சர்கள் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்குப் பழைய தட்டச்சுப்பொறி முறையில் பழகியவர்கள். இளைஞர்கள் கைப்பேசியில் ஆங்கில ஒலிப்பு முறையிலோ குரல் வழியாகவோ உள்ளிடுகிறார்கள். தமிழ்99 விசைப்பலகை தெரிந்தவர்கள் இருவர் மட்டுமே. செயலி இவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது நிறை. குரல் உள்ளீடு களப்பணியாளர்களுக்குப் பேருதவியாக இருக்கிறது; கடலூர்ப் பேச்சுத் தமிழைக்கூடப் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கிறது, தெருப் பெயர்களில்தான் தடுமாறுகிறது.

தேடல்தான் ஏமாற்றம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடினால் பெரும்பாலும் அந்த வடிவமே ஆவணத்தில் இருக்கும். தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் முகம் மாறிவிடுகிறது. "குளம்" என்று தேடினால் "குளத்தில்", "குளத்தை", "குளக்கரை" எதுவும் வராது. இதற்கு மேல் ஒரு நுட்பச் சிக்கலும் உண்டு. "கொ" என்ற எழுத்தின் உயிர்மெய்க் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிகின்றன. யூனிகோடு விதிப்படி இரண்டும் ஒன்றே. தேடும் பொறி அவற்றைச் சமப்படுத்திவிட்டுத் தேட வேண்டும். இந்தச் செயலி அதைச் செய்யாததால், ஒருவர் பதிந்த "கொசு ஒழிப்பு" அறிக்கை இன்னொருவர் தேடும்போது கிடைக்கவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு நெடுநேரம் ஆனது. நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம், பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதுவரை கோப்புப் பெயரில் ந.க. எண்ணும் வார்டு எண்ணும் கட்டாயம் என்று வைத்திருக்கிறோம். எண்களுக்கு வேற்றுமை உருபு இல்லை.

காணொலிக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலிடக் கூட்டங்கள் மேலிடம் அனுப்பும் இணைப்பில்தான் நடக்கும். எங்கள் செயலியின் வசதி அலுவலகத்துக்குள் மட்டுமே பயன்படுகிறது. படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்தால் வலுவில்லாத இணைப்பிலும் அறுபடாமல் போகிறது. மின்தடை வந்தால் மோடத்துக்கு யுபிஎஸ் இருக்கிறதா என்பதே கேள்வி.

நெகிழ்வான பணிநேரம் என்ற தலைப்பில் நேரடியாகச் சோதிக்கப்பட்டது ஒரே ஒரு நிகழ்வு. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய சக ஊழியர் ஒருவருக்கு, பிறப்பு இறப்புப் பதிவுகளின் நிலுவைச் சரிபார்ப்பை வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் வீட்டிலிருந்து செய்ய மேலதிகாரி தம் பொறுப்பில் அனுமதித்தார். தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பை 12 மாதமாக உயர்த்தியது நல்லது. ஆனால் பதின்மூன்றாம் மாதத்துக் குழந்தைக்கும் காய்ச்சல் வரும். அவர் வீட்டிலிருந்து செய்த வேலையின் அளவு அலுவலகத்தில் செய்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கவுன்டரில் வந்து நிற்பவர்களின் இடையூறு இல்லாதது ஒரு காரணம் என்று அவரே சொன்னார். அந்த இடையூறு அப்படியே பக்கத்து இருக்கைக்காரர் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. பொதுமக்கள் நேரில் வரும் இருக்கைகளுக்கு ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமல் இத்தகைய ஏற்பாடு நீடிக்காது. கோப்புகளில் பெரும்பகுதி இன்னும் தாளில் இருப்பதும் தடை. வீட்டில் இருப்பவருக்கு 1980-களின் சொத்துவரிப் பதிவேடு தேவைப்பட்டால், பதிவறையிலிருந்து ஒருவர் எடுத்துப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். ஒருவருடைய வசதிக்கு இன்னொருவர் எழுந்து நடக்கிறார். டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை; தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-த்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. கையொப்பமிடக் கணினியில் செருகும் டோக்கன் கருவி மேலதிகாரியின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடப்பதுதான் நடைமுறைத் தடை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைப்பேசியில் செயலி வந்த பிறகு இரவு பத்து மணிக்கும் செய்தி வருகிறது. நெகிழ்வு என்ற பெயரில் வேலை நேரம் இருபுறமும் நீள்கிறதே தவிர, நடுவில் குறையவில்லை என்று பெண் ஊழியர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அமைதி நேரம் என்ற வசதி செயலியில் இருக்கிறது. மாலை ஏழு முதல் காலை எட்டு வரை அறிவிப்பு ஒலிக்காதபடி அலுவலகம் முழுவதற்கும் நிர்வாகக் கணக்கிலிருந்தே அமைக்கலாம், பேரிடர்த் தடத்துக்கு மட்டும் விலக்குத் தரலாம். எங்கள் அலுவலகத்தில் அதை அமைக்க ஆணையர் ஒப்புக்கொண்டது இந்தச் சந்தாவால் கிடைத்த நன்மைகளுள் முக்கியமானது என்பேன்.

கட்டணம், சேவை இரண்டையும் பற்றி. சந்தா ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. மேசையில் நாள் முழுவதும் பயன்படுத்துபவருக்கும், நாளுக்கு இரண்டு முறை படிவம் நிரப்பும் மேற்பார்வையாளருக்கும் ஒரே விலை. களப்பணியாளர்களுக்குக் குறைந்த விலையில் கைப்பேசி மட்டும் உரிமம் ஒன்று இருப்பதைக் கொள்முதலுக்குப் பிறகே நாங்கள் அறிந்தோம். அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் சந்தையின் வழியாக வாங்கினாலும், ஒப்பந்தப்புள்ளியில் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி வாங்கினாலும், கேட்புக் குறிப்பில் உரிம வகைகளைப் பிரித்து எழுதாவிட்டால் விற்பவர் விலை கூடியதைத்தான் தருவார். பயிற்சி ஒரு நாள் நடந்தது. ஆங்கிலப் படக்காட்சி, குளிரூட்டிய அறை, மதிய உணவு. வார்டு மேற்பார்வையாளர்கள் அதில் ஒன்றும் பெறவில்லை. பிறகு எங்கள் இளநிலைப் பொறியாளர் அம்மா, சுகாதாரப் பிரிவின் கொட்டகையில் நின்று, ஒவ்வொருவர் கைப்பேசியிலும் தாமே செயலியை நிறுவி, நிறம் மாற்றுவதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பயன்பாடு அன்றைக்குத்தான் தொடங்கியது. உதவி மையம் தமிழில் பேசுகிறது, எடுத்தவுடன் கிடைக்கிறது. கணக்கு பூட்டிக்கொள்வது போன்ற சிறு சிக்கல்களை அங்கேயே தீர்க்கிறார்கள். தேடல் போன்ற அடிப்படைக் குறைகளுக்குச் சீட்டு எண் ஒன்றைத் தந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

680-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ள இந்த மாவட்டத்தில் சிறிய அமைப்புகளும் இதைப் பற்றி விசாரிக்கின்றன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் பணி நடப்பதால், இணைப்பு ஒரு தடையாக நெடுநாள் இருக்காது. ஆனால் செயலரும் தலைவரும் மட்டுமே உள்ள ஊராட்சிக்கு முழுத் தொகுப்பு தேவையில்லை. பகிர்வு விரிதாளும் பொது நாட்காட்டியும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் சந்தாவிலேயே விருந்தினர் கணக்காகக் கிடைத்தால் போதும். பேரூராட்சிகள் பொறியியல், சுகாதாரப் பிரிவுகளுக்கு மட்டும் கைப்பேசி உரிமம் வாங்கிப் பருவமழைக்கு முன் தொடங்கலாம். புதுச்சேரி நண்பர்களுக்கு இதில் எங்களைவிடப் பயன் அதிகம் என்று நினைக்கிறேன். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு இடங்களில் சிதறிய நிர்வாகத்தில், 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மாஹே நகராட்சியோடு ஒரு வரைவை ஒரே நேரத்தில் திருத்த முடிவதன் அருமை எங்களுக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் சந்தாவைப் புதுப்பிப்பதற்கான குறிப்பில், களப்பணியாளர் உரிமங்களைக் கூட்டவும், மேசை உரிமங்களைப் பாதியாகக் குறைக்கவும், தமிழ்த் தேடல் சரிசெய்யப்படும் தேதியை ஒப்பந்த நிபந்தனையாகச் சேர்க்கவும், சந்தா முடிந்தால் உரையாடலும் ஆவணங்களும் எந்த வடிவத்தில் எத்தனை நாளுக்குள் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்படும் என்பதை எழுத்தில் பெறவும் பரிந்துரைத்திருக்கிறேன். பில் கலெக்டர்களின் மாலை வருகையை நீக்கும் ஆணையின் வரைவையும் அதனுடன் இணைத்திருக்கிறேன்; கோப்பு இப்போது கணக்குப் பிரிவில் இருக்கிறது.